பாட்டனுக்கு மூத்த ஷெர்மன்

பேங்க்காரனுக்கு டாங்க் எதுக்குய்யா என்று ஆபீசில் கேட்கிறார்கள். செக் வந்தால் கையெழுத்தை ஸ்பெசிமென் கார்டோடு ஒத்துப் பார்க்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலைதான். பழைய டாங்குக்கு புது பெயின்ட் அடித்திருப்பார்கள், நம்பர் போயிருக்கும், சில சமயம் பீரங்கியே வேறாக இருக்கும். ஆனால் சக்கர வரிசையை யாரும் மெனக்கெட்டு மாற்றுவதில்லை. அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

1965 போர் என்றால் நமக்கெல்லாம் பாட்டன் டாங்க்தான் ஞாபகம் வரும். அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்தது, 90 மி.மீ. பீரங்கி, எடை 45 டன் வாக்கில். நம்ம ஊர்களில் அதைப் பிடித்து வந்து நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டோம். சரி, அதை எதிர்த்து நின்ற நம் வண்டி எது? செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ராணுவத்தில் இ.எம்.இ. மெக்கானிக்காக இருந்து ரிடயர் ஆனவர், ஒரு தடவை சொன்னார்: "எல்லாப் பயலும் பாட்டன் பாட்டன்றான். நாங்க ரிப்பேர் பண்ணின வண்டி பேரை ஒருத்தனும் கேட்கல தம்பி." அதற்காகத்தான் இந்தப் பதிவு.

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம்கரன் பக்கம் அஸல் உத்தர் என்ற கிராமம். (பம்பாய் இந்தி தெரிந்தவர்களுக்குப் பெயரே சிரிப்பு வரவழைக்கும். 'சரியான பதில்'!) பாகிஸ்தானின் முதல் கவசப் படைப்பிரிவு பாட்டன்களோடு வந்தது. நம் பக்கம் மூன்று டாங்க் ரெஜிமெண்ட்டுகள். மூன்றாம் கேவல்ரியிடம் செஞ்சூரியன், எட்டாம் கேவல்ரியிடம் பிரெஞ்சு ஏஎம்எக்ஸ்-13, டெக்கான் ஹார்ஸிடம் ஷெர்மன். ஷெர்மன் இரண்டாம் உலகப்போர் வண்டி. இதே டெக்கான் ஹார்ஸ் 1945இல் பர்மாவில் மெய்க்டிலாவைப் பிடிக்கப் போனதும் ஷெர்மனில்தான். இருபது வருஷம் கழித்து அதே ரக வண்டி. வயசுக் கணக்கில் பார்த்தால் ஷெர்மன்தான் பாட்டனுக்கே பாட்டன்!

ஆனால் பீரங்கி மட்டும் பழசு இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஷெர்மனின் பழைய 75 மி.மீ. பீரங்கி பாட்டனின் முன்பக்கத்துக்கு முன்னால் எடுபடாது. 1957-58இல் அன்னியச் செலாவணி எப்படித் தட்டுப்பட்டது என்று பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாடு எல்லா ரெஜிமெண்ட்டுக்கும் புது டாங்க் வாங்க முடியுமா? பழைய உடம்பில் புதுப் பீரங்கி மாட்டினார்கள். சிலவற்றில் ஏஎம்எக்ஸ்-13இன் பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கி, சிலவற்றில் சோவியத் பிடி-76 என்ற நீர்நில டாங்கின் 76 மி.மீ. பீரங்கி. அமெரிக்க உடம்பு, ரஷ்யக் கை. கூட்டணி சேராக் கொள்கைக்கு இதைவிட நல்ல மாடல் கிடைக்காது :-)

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். பிரெஞ்சுப் பீரங்கி நாலரை மீட்டர் வாக்கில் நீண்டு வெளியே துருத்தும். ரஷ்யப் பீரங்கி மூன்றேகால் மீட்டர்தான். அடுத்து கீழே குனிந்து சக்கரத்தைப் பாருங்கள். ஷெர்மனுக்கு இரண்டிரண்டு சக்கரமாக ஒரு பக்கம் மூன்று ஜோடி. ஜோடிகளுக்கு நடுவே இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருந்தால் அது எம்4ஏ4. ஐந்து ஆறு-சிலிண்டர் மோட்டார் என்ஜின்களை ஒன்றாகக் கட்டி 30 சிலிண்டர் என்ஜின் ஆக்கினார்கள் கிரைஸ்லர்காரர்கள். அதை அடைக்க உடம்பை 11 அங்குலம் நீட்ட வேண்டியிருந்தது. பர்மா போர்முனைக்கு வந்தவற்றில் இந்த ரகம் ஏராளம். அதை ஓவர்ஹால் பண்ணின மெக்கானிக்குகளின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அஸல் உத்தரில் இந்த வண்டிகள் ஆளுயரக் கரும்புக் காட்டில் மறைந்து நின்றன. வயல்களில் தண்ணீரைத் திறந்து விட்டிருந்தார்கள். பாட்டன்கள் சேற்றில் வேகம் குறைந்து பக்கவாட்டைக் காட்டின. ஜீப்பில் 106 மி.மீ. பீரங்கியோடு நின்ற அப்துல் ஹமீதுக்கு இறந்தபின் பரம்வீர் சக்ரா கிடைத்தது, அது எல்லோருக்கும் தெரியும். இந்தியக் கணக்குப்படி அங்கே அழிந்ததும் பிடிபட்டதுமாக 97 டாங்குகள்.

மும்பைவாசிகளுக்கு ஒரு சௌகரியம், அகமத்நகரில் (2024 முதல் அஹில்யாநகர்) 1994இல் திறந்த கவசப்படை மியூசியம் இருக்கிறது. போகிறவர்கள் பாட்டனையும் கவனியுங்கள். உடம்பின் முன்பக்கம் தட்டையாக, டிரைவர் பக்கத்தில் இன்னொருவருக்கு மெஷின்கன் இருந்தால் எம்47. முன்பக்கம் படகு மூக்கு மாதிரி உருண்டிருந்தால் எம்48.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ஊரில் பார்க்கில், காலேஜ் வாசலில் நிற்கும் டி-55ஐப் பாருங்கள். குழாயில் ஒரு வீக்கம் இருக்கும், புகையை வெளியேற்றுவதற்கு. அது நுனியில் இருந்தால் ரஷ்யாவிலிருந்து வந்த அதே 100 மி.மீ. பீரங்கி. நடுவில் இருந்தால் நம்மவர்கள் 105 மி.மீ. மாற்றி மாட்டியது, ஆவடியில் செய்த விஜயந்தாவில் இருந்த அதே ரகம். உங்க ஊரில் நிற்பது எது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.