சாங்கி வானில் ஒரு பொறுமைப் பாடம்



தேக்காவில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், விடுமுறைக்குச் சென்னை செல்லவிருக்கும் மாணவன் ஒருவன், "ஐயா, பறக்கும்போது இஞ்சின் வெடித்தால் என்ன ஆகும்?" என்று வினவினான். அவனுக்குக் கூறிய வரலாற்றையே இங்கு எழுதுகிறேன். அது நம் சாங்கி விமான நிலையத்தில் நிகழ்ந்த வரலாறு.

2010 நவம்பர் 4. லண்டனிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சிட்னி செல்லும் குவாண்டாஸ் 32ஆம் விமானம், 440 பயணிகளோடும் 29 பணியாளர்களோடும் காலை பத்து மணியளவில் சாங்கியிலிருந்து எழுந்தது. அது நான்கு இஞ்சின்கள் கொண்ட ஏர்பஸ் ஏ380. சில நிமிடங்களில், பாத்தாம் தீவின் மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், இடப்புறத்து இரண்டாம் இஞ்சின் வெடித்தது. குறைபாட்டோடு செய்யப்பட்ட எண்ணெய்க் குழாய் ஒன்று விரிசல் கண்டு, கசிந்த எண்ணெய் தீப்பற்றி, டர்பைன் வட்டு உடைந்தது என்பது பின்னர் விசாரணையில் தெரிந்தது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்து மின்கம்பிகளை அறுத்தன.

விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் வரிசை ஒன்று உண்டு. முதலில் விமானத்தைச் செலுத்து. அடுத்து, செல்லும் திசையை உறுதிசெய். அதன் பின்னரே பேசு. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி அவ்வாறே முதலில் விமானத்தைச் சமநிலைக்குக் கொணர்ந்தார். பின்பு கட்டுப்பாட்டு நிலையத்துக்கு 'பான் பான்' என்னும் அவசரச் செய்தி சென்றது. கணினித் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. துணை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துச் செயற்படுத்தினார். அன்று விமானி அறையில் ஐவர் இருந்தமை பெருந்துணையாயிற்று. எனினும் அப்பணிக்கு மட்டும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆயின. பழுதுகளை எண்ணி மாளாத நிலையில், 'இன்னும் எவை இயங்குகின்றன?' என்று தலைமை விமானி சிந்தனையைத் திருப்பிக்கொண்டார்.

ஏறத்தாழ ஒரு மணி 50 நிமிடப் பறத்தலுக்குப் பின், 4,000 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழ 150 மீட்டரே எஞ்சியிருக்க, விமானம் நின்றது. நான்கு டயர்கள் வெடித்திருந்தன.

கடினமான முடிவு இனிமேல்தான். இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகியது. அருகே பிரேக்குகள் கொதித்தன. இடக்கோடி இஞ்சினை நிறுத்த இயலவில்லை. உடனே சறுக்குகளை விரித்து எல்லோரையும் இறக்குவதா? அவ்வாறு இறங்கினால் கைகால் முறியலாம். ஓடும் இஞ்சினும் எரிபொருளும் கீழே காத்திருந்தன. தீயணைப்பாளர் நுரை தெளிக்க, பயணிகள் இருக்கையிலேயே காத்திருந்தனர். பணிப்பெண்களும் பணியாளர்களும், நிலைமை மாறினால் நொடியில் கதவைத் திறக்க ஆயத்தமாய் நின்றனர். பின்னர் வலப்புறப் படிக்கட்டு வழியாக எல்லோரும் இறங்கினர். ஒருவருக்கும் காயமில்லை. அந்த இஞ்சினை அணைக்க மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, தேர்வுக் கூடத்தில் திகைக்கும் பிள்ளையிடம் நாம் "சீக்கிரம், சீக்கிரம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 469 உயிர்களைக் காத்தது விரைவன்று, வரிசை. தெரியாத வினாவைக் கண்டு அஞ்சும் பிள்ளையிடம், "உனக்குத் தெரிந்தவை எவை?" என்று கேட்டுப் பாருங்கள்.

வினவிய மாணவன் சற்று நேரம் எண்ணிவிட்டு, "அப்படியென்றால் சன்னலோர இருக்கையே கேட்பேன், ஐயா" என்றான்.