டாம்-5

அட்லாண்டிக் சமுத்திரத்தை முதன்முதலாகக் கடந்த மாதிரி விமானம். ரேடியோவினால் இயக்கும் சிறு விமானங்களை நிர்மாணிப்பதையே ஆயுட்கால சாதனையாகக் கொண்ட மேனார்டு ஹில் என்னும் அமெரிக்கர், பார்வை பெரிதும் மங்கிவிட்ட முதுமையில், விரல்களின் ஸ்பரிச ஞானத்தையே துணையாகக் கொண்டு, பால்சா மரத்தால் சட்டம் அமைத்து, அதன்மேல் மெல்லிய மைலார் தாளைப் போர்த்தி இதனை உருவாக்கினார். எரிபொருள் உள்பட ஐந்து கிலோகிராமுக்கு மிகலாகாது என்பது சர்வதேச விதியாதலால், மரச்சட்டத்தில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு கிராமும் எரிபொருளாக மாறியது. அந்த எரிபொருளும், பெரிய விஞ்ஞான சாலைகளில் வடித்ததன்று, முகாம் விளக்குகளில் ஊற்றும் சாதாரண எண்ணெயே என்பது ரசிக்கத்தக்க விஷயம். பத்து கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் அதைக் கொண்டே இடைவிடாது சுழன்றது.

முந்தைய பிரயத்தனங்கள் கடலோடு போயின. 2003 ஆகஸ்டு 9 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ஸ்பியர் முனையிலிருந்து கையால் வீசி ஏவப்பட்ட இவ்விமானம், கரையருகே மனிதரின் ரேடியோ ஆணைக்கும், நடுக்கடலில் செயற்கைக்கோள் வழிகாட்டும் தானியங்கிக் கருவிக்கும் கட்டுப்பட்டு, சுமார் 3,030 கிலோமீட்டர் பறந்து, ஏறக்குறைய 39 மணி நேரத்தில் அயர்லாந்தின் மேன்னின் கடற்கரையை அடைந்தது. 1919இல் அட்லாண்டிக்கை முதன்முதலாக இடைநில்லாது விமானத்தில் கடந்த ஆல்காக், பிரவுன் ஆகிய இருவரும் தம் விமானத்தை இறக்கிய கிளிஃப்டன் அவ்விடத்துக்கு அணித்தே உள்ளது. ஹில் 2011இல் காலமானார்.