சிச்சிகாஸ்தெனாங்கோச் சந்தை

குவாத்தமாலா நாட்டு மலைப்புறத்தே சிச்சிகாஸ்தெனாங்கோ என்னும் சிற்றூர் உளது. வியாழனும் ஞாயிறும் ஆங்குத் திறந்தவெளியிற் கூடும் சந்தை பெயர்பெற்றது. கீச்சே மாயர் என்னும் பழங்குடியினர் சுற்றூர்களினின்றும் கைத்தறித் துணி, மட்கலம், மக்காச்சோளம், மலர் முதலியன கொணர்ந்து பரப்புவர். காணச் செல்வார் கண் துணிகளிலேயே நின்றுவிடும். அருகிலுள்ள சாந்தோ தோமாஸ் கோயிற் படிக்கட்டன்றோ காணத்தக்கது! 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அக்கிறித்தவக் கோயிலை மாயரின் பழைய கோயில் மேடைமீது எழுப்பினர். ஆயினும், அப்படிகளில் மாயர் பூசகர் கோபால் என்னும் மரப்பிசினைப் புகைத்து முன்னோரை வழிபடுதல் இன்றும் நிகழ்கின்றது. மேடைக்குரியாரை அதனின்றும் பெயர்த்தல் கட்டினார்க்கு இயலவில்லை போலும்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிருந்த பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்னும் பாதிரியார், போப்பொல் வூ என்னும் கீச்சேயர் புராணத்தைப் பார்த்தெழுதி, ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தும் வைத்தார். அவர் கண்ட மூல ஏடு மறைந்தது. பிற சமயத்தார் ஒருவர் கையால் நூல் பிழைத்தது. அக்கையெழுத்துச் சுவடியும் இப்பொழுது அவ்வூரில் இல்லை. சிக்காகோ நகரத்து நியூபெரி நூல்நிலையத்தில் உளது.