மரம் பிடித்த இரும்பு

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளிடையே இறங்கிவரும் பெர்தாம் ஆறு தெலோமோடும், தெலோம் ஜெலாயோடும் கலந்து, முடிவில் பகாங் பேராற்றைச் சேர்கின்றது. 1963-இல் ரிங்லெட்டில் சுல்தான் அபுபக்கர் அணை எழுந்தபின், பெர்தாமின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் திருப்பப்பட்டது. இருப்பினும், பகாங் ஆறுகளைப் பற்றிப் பேசுவோர் கெலா மீனைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. கெண்டைக் குலத்தைச் சேர்ந்த இம்மீன், நம் காவிரியில் வாழும் மஹசீருக்கு நெருங்கிய உறவு.

மஹசீரின் வலிமையை எழுத்தில் பதித்தவருள் முதன்மையானவர், சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873-இல் வெளிவந்த ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலில், உறுதியான தூண்டில் முள்ளையும் இம்மீன் வாயால் நசுக்கிவிடும் என்பதை அவர் விளக்குகின்றார். 1946-இல் கபினி ஆற்றில் 120 இராத்தல் எடையுள்ள மஹசீர் ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. இத்தகைய மீன் இழுக்கும்போது முள் மட்டுமா சோதனைக்குள்ளாகிறது? மரத்தாற் செய்த பொய்யிரையாயின், அம்முள்ளை மரத்தோடு பிணைத்த இடமே முதலில் விட்டுவிடும். பொய்யிரையின் வடிவத்தையும் வண்ணத்தையும் பற்றி எழுதியோர் பலர். இப்பிணைப்பைப் பற்றி எழுதியோர் சிலரே. உண்மையில் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கின்றது.

காரணம் தச்சர் அறிந்ததே. மரத்தின் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. பக்கவாட்டில் திருகாணியைச் செலுத்தினால் அதன் புரிகள் நார்களுக்குக் குறுக்கே சென்று பற்றிக்கொள்ளும். மரத்தின் நுனிவெட்டில் செலுத்தினாலோ, நார்கள் துண்டு துண்டாக அறுந்து போகின்றன; பிடிமானம் ஏறத்தாழ முக்காற் பங்காகக் குறையும், அதையும் உறுதியாக நம்புவதற்கில்லை. மர மீனின் மூக்கில் கயிறு கட்டும் வளையம் அமைவது நுனிவெட்டிலேதான்! போதாக்குறைக்கு, நீரில் ஊறி விரிந்தும் வெயிலிற் காய்ந்து சுருங்கியும் துளை நாளடைவில் தளர்ந்துவிடும். ஆகவே திருகைவிடச் சற்றே சிறிய துளையிட்டு, அத்துளைக்குள் பசை நிரப்பி, பிறகே திருகைச் செலுத்துவது நல்ல கைவினைஞர் வழக்கம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெட்டன் தொடங்கிய பட்டறை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருகு இறங்கும் வாயில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்றைப் பதித்தது. முள் ஆடும்போது மரத்தை உராயாமல் அது காத்தது. ஆயினும் இழுவிசையைத் தாங்கவேண்டியது மரமாகவே இருந்தது.

பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ராபாலா 1936-இல் செய்த பொய்யிரையின் கதை சுவையானது. கார்க்கைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாளைப் போர்த்தி, புகைப்படச் சுருளை உருக்கி மேலே மெருகிட்டார் அவர். பின்னர் பால்சா மரத்துக்கு மாறினார். பால்சா மிக மென்மையானது. அதில் திருகு நில்லாது. எனவே ராபாலா பொய்யிரைகளில் மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பி உடலினுள் ஓடியது. கயிறும் முட்களும் அக்கம்பியிலேயே பூட்டப்பட்டன. உடல் பிளந்தாலும் மீன் தப்பாது. மரம் வெறும் மிதவையாகிவிட்டது. இம்மாற்றத்தையே நான் பெரிதென மதிக்கிறேன்.

இதனைப் புதுமை என்று தமிழர் வியக்க வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டது. இறுக ஆணியடித்த படகு கரையலையில் மோதிப் பிளக்கும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். பலகையின் நார் இரும்பைப் பற்றும் என்ற நம்பிக்கையையே அங்கே கைவிட்டிருந்தார்கள்.

தேயிலைத் தோட்டத்திலும் இதே சிக்கல் இருந்தது. போ தோட்டத்தை 1929-இல் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் நிறுவினார். பாரத் தோட்டம் 1933-இல் தோன்றியது. தேயிலை அந்நாளில் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே கடல் கடந்து சென்றது. ஒரு பெட்டியில் ஏறத்தாழ 100 இராத்தல் இருக்கும். உள்ளே, ஈரம் புகாதிருக்க, முன்னர் ஈயத்தகடும் பின்னர் அலுமினியத் தாளும் விரித்தனர். ஒட்டுப்பலகையின் விளிம்பில் ஆணியடித்தால் அடுக்குகள் பிரிந்துபோகும். அதனால் மூலைகளில் உட்புறம் மரச்சட்டம் வைத்து, வெளிப்புறம் மெல்லிய தகரப்பட்டை மடித்து, இரண்டையும் ஊடுருவ ஆணியடித்தனர். மறுபுறம் வெளிப்படும் கூர்முனையை மடக்கி அடித்துப் படியவைத்தால், ஆணியைப் பிடிப்பது நார் அன்று, அந்த மடக்கே. ராபாலாவின் கம்பியும் இம்மடக்காணியும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் எனலாம்.

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காகிதப் பைகள் அப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதற்கு முன்னரே, 1950-களில், இங்கிலாந்து இளைஞர்கள் காலியான தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, கோலொன்றை நட்டு, இசைக்கருவியாக்கி மகிழ்ந்தனர். அவர்கள் தந்தியைப் பலகையில் ஆணியடித்துக் கட்டவில்லை. நடுவே துளையிட்டு உள்ளே விட்டு, அடியில் முடிச்சுப் போட்டார்கள்.