பெருமாநல்லூர் கண்டெய்னரும் டெல்லி நாற்காலியும்: தேர்தல் ஆணையரை யார் நியமிக்கிறது?

இந்த வாரம் கொஞ்சம் டெல்லி பக்கம் போகணும். ஆனா கிளம்புறது நம்ம ஊர்ல இருந்துதான்.

2016 மே 14, சனிக்கிழமை. சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு ரெண்டு நாள் இருக்கு. நான் அப்போ இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், என் முதல் ஓட்டைப் போட ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். விடியறதுக்குள்ள பெருமாநல்லூர் - குன்னத்தூர் பக்கம் பறக்கும் படை மூன்று கண்டெய்னர் லாரிகளைப் பிடித்தது. உள்ளே 570 கோடி ரூபாய். திருப்பூர்ல கண்டெய்னர்னா உள்ள டி-ஷர்ட்தான் இருக்கும், தூத்துக்குடிக்குப் போகும். அன்னிக்கு டீக்கடையில பாதிப் பேரு நம்பவே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு அனுப்பிய எங்கள் பணம்தான் என்று ஸ்டேட் வங்கி சொன்னது. பணம் வங்கியிடமே போனது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போய், சிபிஐ முதற்கட்ட விசாரணை வரை நீண்டது. அந்தக் கதைக்கு நான் போகலை. எனக்கு மண்டையில நின்னது வேற. அர்த்த ராத்திரியில ரோட்ல நின்னு லாரியை நிறுத்தின அந்த ஆட்கள் யாரு?

தேர்தல் ஆணையத்தோட ஆட்கள்னுதான் நானும் நினைச்சிருந்தேன். உண்மையில் ஆணையத்துக்கு மாவட்டத்தில் சொந்தமாகப் படை எதுவும் கிடையாது. பறக்கும் படையில் இருப்பவர்கள் வருவாய்த்துறை, போலீஸ் மாதிரி மாநில அரசு ஊழியர்கள். கலெக்டர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். அரசியலமைப்பின் 324ஆவது பிரிவுப்படி, ஆணையம் கேட்டால் ஆட்களைக் கொடுக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் இவர்கள் ஆணையத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். தேர்தல் முடிஞ்சதும் டிரான்ஸ்ஃபர், புரமோஷன் எல்லாம் மறுபடி மாநில அரசு கையில. அப்போ ஒரு துணை தாசில்தாருக்கு ஆளுங்கட்சிக்காரர் வண்டியை நிறுத்துற தைரியம் எங்கிருந்து வரும்? டெல்லியில உட்கார்ந்திருக்கறவங்க யாருக்கும் வளைய மாட்டாங்கன்னு அவர் நம்பணும்.

எங்கம்மா பனியன் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன். ஷிப்மென்ட்டுக்கு முன்னாடி பையர் சார்பா ஒரு க்யூசி வருவார். கம்பெனி ஏசி ரூம்ல உட்கார வச்சு பிரியாணி வாங்கிக் கொடுக்கும், அது வேற கதை. ஆனா அவரை வேலைக்கு வைக்கறது, எடுக்கறது பையர்தான். கம்பெனி முதலாளியே க்யூசியை நியமிச்சா எந்த பையரும் அந்த ரிப்போர்ட்டை நம்பி எல்.சி. திறக்க மாட்டான்.

இந்தச் சிக்கல் 1949 ஜூன் மாதமே அரசியல் நிர்ணய சபையில் வந்துவிட்டது. தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்குவது கஷ்டமாக இருக்க வேண்டும், உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற மாதிரி, என்பதில் எல்லோருக்கும் சம்மதம். ஷிப்பன் லால் சக்சேனா எழுந்து கேட்டார்: சரி, நியமிப்பது யார்? குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் பிரதமர்தானே? நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்பது அவர் யோசனை. இந்தக் கேள்வி தனக்கே பெரிய தலைவலி கொடுத்ததாக அம்பேத்கர் ஒப்புக்கொண்டார். முடிவில், நாடாளுமன்றம் சட்டம் போடும் வரை குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று எழுதி வைத்தார்கள். எங்க கோட்ல 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு ஒரு கமென்ட் போட்டு விடுவோமே, அதே கதை. அந்த 'அப்புறம்' வர 70 வருஷத்துக்கு மேல ஆச்சு.

நடுவுல டி.என். சேஷன். பாலக்காட்டுத் தமிழர், தமிழ்நாடு கேடர் ஐஏஎஸ், மதுரையில் கலெக்டராக இருந்தவர். 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார். சட்டப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த அதிகாரங்களை எடுத்துப் பயன்படுத்தினார். 1993 ஆகஸ்ட்டில், தன் அதிகாரத்தை அரசு ஏற்கும் வரை நாட்டில் எந்தத் தேர்தலும் நடக்காது என்றே உத்தரவு போட்டார். அரசாங்கம் சும்மா இருக்குமா? அக்டோபர் 1ஆம் தேதி எம்.எஸ். கில், ஜி.வி.ஜி. கிருஷ்ணமூர்த்தி என்று இன்னும் இரண்டு ஆணையர்களை நியமித்தது. ஒத்துப்போகாவிட்டால் பெரும்பான்மை முடிவு. சேஷன் வழக்குப் போட்டு 1995 ஜூலையில் தோற்றார்.

மூணு பேர் இருக்கறது சரின்னுதான் நான் நினைக்கிறேன். ஒரே ஆள்கிட்ட அட்மின் பாஸ்வேர்ட் இருக்கற சிஸ்டத்தை நான் நம்ப மாட்டேன். ஆனா அவரை அடக்கத்தான் அந்த ரெண்டு பேரைக் கொண்டு வந்தாங்கங்கறதுல எனக்குச் சந்தேகம் இல்லை. இன்னொண்ணும் சொல்லணும். சேஷன் 1999இல் காந்திநகரில் அத்வானியை எதிர்த்து காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். கில் பின்னாளில் மன்மோகன் சிங் அரசில் அமைச்சர் ஆனார். விதிப்படி ரெண்டும் தப்பில்லை. ஆனா மேட்ச் முடிஞ்சதும் அம்பயர் ஒரு டீம் ஜெர்சியைப் போட்டா, பழைய எல்பிடபிள்யூ எல்லாம் ஞாபகத்துக்கு வரும்ல?

ஆணையம் எதுவுமே செய்யறதில்லைன்னு சொல்ல வரலை. அதே 2016 மே மாதம், நம்ம வெள்ளகோவில் தாண்டினா வர்ற அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், வாக்காளர்களுக்குப் பணம் போனதென்று தேர்தலை ரத்து செய்தது. நவம்பரில்தான் மறுபடி நடந்தது.

இனி கடைசிக் கட்டம். 2022 நவம்பர் 18இல் அருண் கோயல் என்ற அதிகாரி விருப்ப ஓய்வு பெறுகிறார், மறுநாளே தேர்தல் ஆணையர். அப்போது உச்ச நீதிமன்றத்தில் இந்த நியமன வழக்கே விசாரணையில் இருந்தது. நீதிபதிகள் அந்த வேகத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். 2023 மார்ச் 2இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது: சட்டம் வரும் வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழு பரிந்துரைக்க வேண்டும். அந்த டிசம்பரில் சட்டம் வந்தது. குழு அதே மூன்று பேர்தான், ஆனால் தலைமை நீதிபதி இடத்தில் பிரதமர் தேர்ந்தெடுக்கும் ஒரு மத்திய அமைச்சர். தடை கேட்டுப் போனவர்களுக்கு 2024 மார்ச்சில் நீதிமன்றம் தடை தர மறுத்தது. 2025 பிப்ரவரியில் ஞானேஷ் குமார் தலைமைத் தேர்தல் ஆணையராகத் தேர்வானபோது, எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி எதிர்ப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். ரெண்டுக்கு ஒண்ணு.

இதை அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தேன். பீஸ்ல பிசிறு வெட்டிக்கிட்டே, "அப்ப அந்த மூணாவது ஆளை எதுக்குக் கண்ணு கூப்படறாங்க, டீ குடிச்சிட்டுப் போறதுக்கா?"ன்னு கேட்டாங்க.

அடுத்த வாரம் பக்கத்து ஊர்க் கதை. 1996, மொடக்குறிச்சி. ஒரே தொகுதியில 1,033 வேட்பாளர்கள், ஓட்டுச்சீட்டு புத்தகமா அச்சடிச்சாங்க. அப்போ அங்க வேலை பார்த்தவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்பி வைங்க.