ஒரு மேசைப்பந்துப் பயிற்சியாளரின் நாளும் அதற்குள் இருக்கும் நூறாண்டு வரலாறும்



நான்கு மாதமாக என் மாலை நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கழிகிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி டேபிள் டென்னிஸ் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். ஸ்கூட்டரில் கூட்டிப்போவதும் திரும்ப அழைத்து வருவதும் என் வேலை. எங்கள் ஊரில் பழைய மில் தொழிலாளர் மனமகிழ் மன்றம் ஒன்று உண்டு. மில் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தக் கூடத்தில் நான்கு மேசைகள் போட்டுப் பயிற்சி நடக்கிறது.

முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு இன்னொருவர் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பேத்தியைப் பார்க்கப் போனவன் அவளுடைய கோச்சைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காலை ஐந்தேகாலுக்குக் கூடத்தைத் திறக்கிறார். தரையை அவரே துடைக்கிறார், ஏனென்றால் தூசி இருந்தால் பிள்ளைகளின் கால் வழுக்கும். எட்டு மணி வரை ஒரு பிரிவு. பிறகு இரண்டு பள்ளிகளில் பகுதிநேர வேலை. மதியம் மட்டைகளுக்கு ரப்பர் ஒட்டுவது, போட்டி விண்ணப்பம் நிரப்புவது, பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் பெற்றோருக்குப் போன் செய்வது, ரயில் டிக்கெட் போடுவது. நான்கு மணிக்கு மறுபடி கூடம். எட்டரைக்குத்தான் விளக்கை அணைக்கிறார். அதன் பிறகும் செல்போனில் பிள்ளைகள் ஆடிய வீடியோவைப் பார்த்துத் தவறுகளைக் குறித்து வைப்பாராம்.

இதெல்லாம் எப்போது ஒரு மனிதரின் வேலையாக ஆயிற்று என்று யோசித்தேன். பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். அவருடைய ஒரு நாள் வேலையில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் மின்விசிறி. சித்திரை வெயிலிலும் அந்தக் கூடத்தில் விசிறி ஓடாது. பந்தின் எடை 2.7 கிராம்தான், லேசான காற்றிலும் திசை மாறிவிடும். ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் தினமும் ஆறேழு மணி நேரம் நிற்கிறார்.

இந்த விளையாட்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில், சாப்பாட்டு மேசையில், இரவு உணவுக்குப் பின் பொழுதுபோக்காக ஆடப்பட்டது. 1900ஐ ஒட்டி செல்லுலாய்டுப் பந்து வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். பந்து உடைந்தால் ஒரு வாசனை வரும், என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பந்து நசுங்கினால் வெந்நீரில் போட்டு உப்ப வைப்போம். செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும். அதனால் 2014இல் பிளாஸ்டிக் பந்து வந்தது. அது துள்ளும் விதம் வேறு, சுழலும் விதமும் வேறு. பதினைந்து வருடம் ஒரு பந்தில் சொல்லிக்கொடுத்தவர் அந்த வருடம் இன்னொரு பந்துக்குக் கையைப் பழக்க வேண்டி வந்தது.

சர்வதேச மேசைப்பந்துக் கூட்டமைப்பு 1926இல் உருவானது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் முதல் உலகப் போட்டி. அதில் இந்திய அணியும் கலந்துகொண்டது, ஆண்கள் அணிப் பிரிவில் வெண்கலமும் பெற்றது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. அன்று ஆடியவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். முழுநேரப் பயிற்சியாளர் என்ற ஆளே அந்தப் படத்தில் இல்லை.

அடுத்தது மட்டை. கோச்சின் மேசையில் எப்போதும் ஐந்தாறு மட்டைகள் ரப்பர் மாற்றக் காத்திருக்கும். அந்த வேலை தொடங்கிய இடம் நம் பம்பாய் என்றே சொல்லலாம். 1952இல் ஆசியாவில் முதன்முறையாக உலகப் போட்டி நடந்தது, பம்பாயில். ஜப்பான் அதில்தான் முதல்முறையாகக் கலந்துகொண்டது. ஹிரோஜி சாட்டோ என்ற வீரர் கெட்டியான ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தார். அதுவரை பந்து மட்டையில் படும் சத்தத்தைக் காதால் கேட்டே எதிராளி அடியின் வேகத்தைக் கணித்துவிடுவார். ஸ்பாஞ்சில் சத்தமே இல்லை. ஐரோப்பிய ஜாம்பவான்கள் திகைத்துப் போனார்கள். சாட்டோ உலகச் சாம்பியன் ஆனார். 1959இல் ஸ்பாஞ்சுக்கும் ரப்பருக்கும் தடிமன் இவ்வளவுதான் என்று விதி போட்டார்கள்.

அன்றிலிருந்து எந்தப் பிள்ளைக்கு எந்த ரப்பர் என்று தீர்மானிப்பதும் பயிற்சியாளரின் வேலை. நல்ல ரப்பர் ஒன்றுக்குச் சில ஆயிரம் ஆகிறது. வசதியில்லாத பிள்ளைக்கு, வசதியுள்ள பிள்ளை கழற்றிப் போட்ட ரப்பரில் நல்ல பகுதியை வெட்டி ஒட்டிக்கொடுப்பதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு அது பழையது என்று தெரியாது. ஒட்டும் பசைக்கும் ஒரு வரலாறு. வேகத்துக்காகப் பூசிய பசையின் ஆவி உடம்புக்குக் கேடு என்று 2008இல் தடை வந்தது. அதற்கு முன் எத்தனையோ பயிற்சியாளர்கள் மூடிய அறையில் அதை மோந்துகொண்டுதான் மட்டை தயார் செய்தார்கள்.

மூன்றாவது, வாளி. பெரிய பிளாஸ்டிக் வாளி நிறையப் பந்துகள். கோச் மேசையோரம் நின்று ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கிறார். ஒரு பந்து திரும்புவதற்குள் அடுத்தது போகிறது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஒரு நிமிடத்தில் ஐம்பதுக்கு மேல். சும்மா அடிப்பதில்லை. வலம், இடம், சுழல், வெட்டு என்று பிள்ளைக்குப் பிள்ளை வேறு கணக்கு. இந்த முறையை வளர்த்து உலகமெங்கும் பரவச் செய்தவர்கள் சீனப் பயிற்சியாளர்கள்.

சீனா என்றதும் பதக்கங்கள்தான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு பயிற்சியாளர் ஞாபகம் வருகிறார். ரோங் குவோதுவான், ஹாங்காங்கிலிருந்து சீனாவுக்குப் போனவர். 1959இல் டார்ட்மண்ட் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலகச் சாம்பியன் அவர்தான். பிறகு பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அப்போது ஜப்பான் பெண்கள் தொடர்ந்து நான்கு முறை உலகக் கோப்பையை வென்றிருந்தார்கள். 1965இல் அந்த வரிசையை ரோங்கின் மாணவிகள் முறித்தார்கள். மூன்றே வருடம் கழித்து, கலாச்சாரப் புரட்சியின்போது, உளவாளி என்று பழி சுமத்தி அவரை வதைத்தார்கள். 1968இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது முப்பது. ஃபூ சிஃபாங், ஜியாங் யோங்நிங் என்ற இரண்டு பேரும் ஹாங்காங்கிலிருந்து போனவர்களே. அவர்களுக்கும் அதே ஆண்டில் அதே கதி. அவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் பிறகு சீனா உலகை வென்றது. மூன்று வருடம் கழித்து 1971இல் இதே பந்தை வைத்துத்தான் சீனாவும் அமெரிக்காவும் கைகுலுக்கிக்கொண்டன. அதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். இந்த மூவரையும் படிக்கவில்லை.

நான்காவது, விதிப் புத்தகம். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியதற்கே அர்த்தமில்லை.

2002இல் நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். பள்ளியில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருந்தது. பழைய மாணவர் ஒருவர் வாங்கிக்கொடுத்தது. நாங்கள் அதன் மேல் இலவசப் பாடநூல் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம். ஒரு நாள் இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு தம்பி வந்தார். "காலைல ரெண்டு மணி நேரம் மட்டும் கூடத்தைக் குடுங்க சார். உங்க பிள்ளைங்களுக்குக் காசு வாங்காம சொல்லித்தர்றேன். நானே கூட்டிப் பெருக்கிடறேன்" என்றார். ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணைக் காட்டி, "அந்தப் பொண்ணோட கை ரொம்ப வேகமா இருக்கு சார், பந்து பிடிக்கறப்ப பார்த்தேன்" என்றும் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளைங்க படிக்கட்டும் தம்பி. விளையாட்டு சோறு போடாது." சாவியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர்தான் இன்று என் பேத்தியின் கோச். முதல் நாளே என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழைய விஷயத்தைப் பேசவே இல்லை. மூன்று மாதம் எனக்குத்தான் மனது உறுத்தியது. ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் நானே எடுத்தேன். "தம்பி, அன்னைக்கு நான் கூடத்தைக் குடுத்திருக்கணும்."

அவர் பந்து பொறுக்கிக்கொண்டே பேசினார். "சார், உண்மையச் சொன்னா, அன்னைக்கு எனக்கே அந்தக் கூடம் தேவைப்பட்டுச்சு. நான் கத்துக்கிட்டதெல்லாம் ரெண்டே வருஷத்துல செல்லாமப் போயிருச்சு."

அந்த இரண்டு வருடக் கணக்கைப் பாருங்கள். 2000 வரை பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டர். சிட்னி ஒலிம்பிக் முடிந்ததும் 40 ஆக்கினார்கள். வேகம் குறைந்தால் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குப் பந்து தெரியுமே என்பது அதற்கு ஒரு காரணம். 2001இல் 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளி ஆட்டமானது. ஐந்து ஐந்தாக மாறிய சர்வீஸ் இரண்டிரண்டாக மாறியது. 2002இல் சர்வீஸ் போடும்போது கையாலோ உடம்பாலோ பந்தை எதிராளிக்கு மறைக்கக் கூடாது என்று விதி வந்தது. மறைத்துப் போடும் சர்வீஸைப் பல வருடம் சாதகம் செய்தவர்களின் சொத்து ஒரே நாளில் போயிற்று. 21 புள்ளி ஆட்டத்தில் ஐந்து புள்ளி பின்தங்கினாலும் நிதானமாகப் பிடிக்கலாம். 11இல் அந்த நிதானத்துக்கு இடமில்லை. சொல்லிக்கொடுக்கும் முறையையே மாற்ற வேண்டும்.

பாடத்திட்டம் மாறினால் எங்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி வகுப்பு வைப்பார்கள், படியும் கொடுப்பார்கள். அந்தத் தம்பிக்கு மூன்று பாடத்திட்டம் அடுத்தடுத்து மாறியிருக்கிறது. புதிதாகப் படிக்க அவருக்கு ஒரு மேசை வேண்டியிருந்தது. அதைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். மதிப்பெண் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும். கை வேகத்தைக் குறிக்க அதில் கட்டம் கிடையாது.

ஐந்தாவது, மேசையோர நாற்காலி. போட்டியில் கோச் உட்காரும் இடம். முன்பெல்லாம் ஒரு கேமுக்கும் அடுத்த கேமுக்கும் நடுவிலுள்ள ஒரு நிமிடத்திலும், ஆட்டத்துக்கு ஒருமுறை எடுக்கும் டைம் அவுட்டிலும் மட்டும்தான் பேசலாம். இடையில் ஜாடை காட்டினாலே நடுவர் எச்சரிப்பார். 2016இல் அந்த விதி தளர்ந்தது. பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில், ஆட்டத்தைத் தாமதப்படுத்தாமல் சொல்லலாம் என்றார்கள். "சொல்லலாம்னு ஆனப்புறம்தான் சார், எதைச் சொல்லாம இருக்கணும்னு கத்துக்கிட்டேன்" என்றார் நம் கோச். ஆசிரியர்கள் எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வார்த்தை.

போட்டி நாளில் அவருடைய பிள்ளைகள் நான்கு மேசையில் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். நாற்காலி ஒன்றில்தானே உட்கார முடியும்? நன்றாக ஆடும் பிள்ளையிடம் போகமாட்டார். அழப்போகும் பிள்ளையிடம் போய் உட்காருவார்.

நம் மாநிலத்துக்கும் இதில் பெருமை உண்டு. சரத் கமல் பத்து முறை தேசியச் சாம்பியன். 2006இல் மெல்பர்னிலும் 2022இல் பர்மிங்காமிலும் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம். இரண்டுக்கும் நடுவே பதினாறு வருடம். அவரை வளர்த்தவர்கள் பயிற்சியாளர்களான அப்பா சீனிவாச ராவும் சித்தப்பா முரளிதர ராவும். சத்தியன் ஞானசேகரன் பின்னால் முன்னாள் இந்திய வீரர் ராமன் இருக்கிறார். 2018 ஆசிய விளையாட்டில் சரத், சத்தியன், அமல்ராஜ் எல்லோரும் இருந்த அணி வெண்கலம் வென்றது. ஆசிய விளையாட்டு மேசைப்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

இவர்களுக்கு முன்னால் சந்திரசேகர். மூன்று முறை தேசியச் சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். 1984இல் முழங்கால் அறுவைச் சிகிச்சையின்போது ஏற்பட்ட பாதிப்பில் நடையும் பேச்சும் பார்வையும் சிதைந்தன. நீதிமன்றத்தில் பல வருடம் போராடி வென்றார். பிறகு, முன்போல ஆட முடியாத அந்த உடம்போடு பயிற்சியாளராக நின்று பிள்ளைகளை உருவாக்கினார். 2021 மே மாதம் கொரோனாவில் காலமானார். தன்னால் இனி அடிக்க முடியாத அடியை இன்னொரு கைக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு மனம் வேண்டும், நினைத்துப் பாருங்கள்.

நண்பர்களே, ஓய்வுபெற்ற என்னிடம் இன்று கூடமும் இல்லை, சாவியும் இல்லை. ஆனால் இதைப் படிப்பவர்களில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பள்ளியிலும் புத்தகக் கட்டுக்கு அடியில் ஒரு மேசை இருக்கலாம். கட்டுகளை இறக்கி வையுங்கள். யாராவது ஒரு தம்பியோ தங்கையோ வந்து காலையில் இரண்டு மணி நேரம் கேட்டால், என்னைப் போல இழுப்பறையை மூடிவிடாதீர்கள்.

நான் இப்போது ஐந்தரை மணிக்கே போய்விடுகிறேன். நெட்டின் உயரம் 15.25 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து கட்டுவதும், சிதறிய பந்துகளைப் பொறுக்கி வாளியில் போடுவதும் என் பொறுப்பு. குனிந்தால் இடுப்பு வலிக்கிறது. ஆனாலும் அவருக்குத் தினமும் ஒரு இருபது நிமிடம் மிச்சமாகிறது. அதில் ஒரு டீ குடிக்கிறார்.