ஓய்வுக்கு முன் அக்ரஹார காப்புறுதி: மனைவியின் பெயர் கோவையில் இருக்கிறதா?

கிளிநொச்சியில் ஆசிரியராக இருந்த நான் போருக்குப் பின் கண்டிக்கு இடமாற்றம் பெற்று வந்தேன். அடுத்த வருடம் 60 வயது, ஓய்வு. பேராதனை போதனா வைத்தியசாலையில் மனைவிக்குச் சிகிச்சை இலவசம்தான். ஆனால் சில மருந்துகளையும் ஸ்கானையும் வெளியில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேவையில் இருக்கும்வரை சம்பளத்தில் கழிபடும் அக்ரஹார காப்புறுதி மனைவி, பிள்ளைகளுக்கும் கைகொடுக்கும். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியமே இதை நடத்துகிறது. 2016 ஜனவரிக்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு, கட்டணம் ஓய்வூதியத்தில் கழியும். சேவைக் காலத்துச் சலுகைகள் அப்படியே தொடரும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எங்களுக்குச் சிக்கல் திருமணச் சான்றிதழில். 2009 இடப்பெயர்வில் பையோடு போய்விட்டது. காப்புறுதியில் மனைவியைக் காட்டவும், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கும் அதுதான் ஆதாரம். நல்லவேளையாக, 1960க்குப் பிந்திய பதிவுகளின் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம், ஊருக்கு ஓடத் தேவையில்லை. கண்டியிலேயே விண்ணப்பித்தேன்.

பிரதி வந்தது. அதில் மனைவியின் பெயருக்கும் அடையாள அட்டையில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். அதைத் திருத்த இப்போது அலைகிறேன். கையில் இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.